வரி நம்முடையது, கணக்கு யாருடையது?

(டிசம்பர் 6, பாளையங்கோட்டை. அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்பேத்கர் நினைவு நாளில் வரியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் மன்றத் தோழர் ஒருவர், "இலக்கிய மன்றத்துல பட்ஜெட் கூட்டமா?" என்று சிரித்தார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே விரித்துச் சொல்கிறேன்.

சுமார் பத்து வருஷத்துக்கு முன்னால் என் சித்தியோடு ஓர் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. பக்கத்தில் கிடந்த புறம்போக்கில் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் ஒதுக்கித் தரவேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை. மனுவை வாங்கிய ஊழியர் முதலில் கேட்டது, "வீட்டு வரி ரசீது இருக்கா?" எங்களிடம் இல்லை. பட்டா இல்லாத வீட்டுக்கு ரசீது ஏது? "வரி கட்டுறவங்களுக்கே செய்ய முடியல, வரி கட்டாதவங்களுக்கு எப்படிம்மா செய்ய?" என்று மனுவை ஓரமாக வைத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சித்தி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "காலையில நான் வாங்குன சோப்புக்கு அவிய வரி வாங்கலியாட்டி?"

சமூகவியலில் முதுகலை படித்த எனக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதில்லை. இன்றைய பேச்சு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

வரி கட்டுகிறவர் என்று இந்த நாட்டில் யாரைச் சொல்கிறார்கள்? வருமான வரி கட்டுகிறவரை, சொத்து வரி ரசீது வைத்திருக்கிறவரை. இரண்டுக்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். விற்பனை வரிக்கு அப்படி எதுவும் வேண்டாம். பசி இருந்தால் போதும், கடைக்குப் போக ஒரு காரணம் இருந்தால் போதும். 2025 செப்டம்பர் 22 வரைக்கும் சோப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, இப்போது 5. செல்போன் ரீசார்ஜுக்கு இன்றைக்கும் 18 சதவீதம். நீங்கள் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் சுமார் 45 ரூபாய் வரி. கோடீஸ்வரர் செய்தாலும் அதே 45, தூய்மைப் பணியாளர் செய்தாலும் அதே 45. ஆனால் அந்த 45 ரூபாய் யாருடைய ஒரு நாள் கூலியில் எத்தனை பங்கு என்று பார்த்தால்தான் சுமை எவர் தலையில் என்பது தெரியும்.

இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் நாம் இன்று நினைவுகூரும் மனிதர். நாம் அவரைச் சட்ட மேதையாக மட்டுமே சிலை வைத்திருக்கிறோம். அவருடைய முதல் படிப்பு பொது நிதி. 1915இல் கொலம்பியாவில் எழுதிய முதுகலை ஆய்வு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. 1925இல் நூலாக வந்த முனைவர் ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களின் நிதி வளர்ந்த கதை. அதற்கு முன்னுரை எழுதிய அவருடைய ஆசிரியர் செலிக்மன், வரியியலில் உலகம் அறிந்த பேராசிரியர். 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் பேசிய பட்ஜெட் உரையில் ஒரு வாதம் வருகிறது. வருமானமே இல்லாதவன் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் வானம் பொய்த்த வருஷத்திலும் துண்டு நிலக்காரன் நிலவரி கட்டியாக வேண்டும், இது என்ன நியாயம் என்று கேட்டார்.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இந்த வாதத்தின் இன்னொரு பாதியும் தெரியும். பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் பாய்ந்த நன்செய்யில் சேற்றில் இறங்கியவர்கள் யார், பட்டாவில் பெயர் இருந்தவர்கள் யார்? நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தது ஒரு கூட்டம். தீர்வை கட்டியவர் என்று கணக்கில் ஏறியது மிராசுதாரும் கோயிலும் மடமும். தீர்வைக்கான நெல் எங்கள் முதுகு வியர்வையில் விளைந்தது. ரசீது அவர்கள் பெயரில் வந்தது. அன்றைக்குத் தீர்வை ரசீது, இன்றைக்கு வீட்டு வரி ரசீது. ரசீது யாரிடம் இருக்கிறதோ அவருக்கே தெரு, அவருக்கே விளக்கு, அவருக்கே பூங்கா.

இப்போது விற்பனை வரியின் பிறப்பைப் பாருங்கள். இந்தியாவில் பொது விற்பனை வரி முதன்முதலில் வந்தது நம் சென்னை மாகாணத்தில், 1939இல், ராஜாஜி அரசாங்கத்தில். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார்கள். கள், சாராயத்திலிருந்து வந்த வருமானம் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப விற்பனை வரி வந்தது. குடியை நிறுத்துவதற்காக வந்த வரி. இன்றைக்கு அந்த வரியும் இருக்கிறது, டாஸ்மாக்கும் இருக்கிறது. மது ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. அதற்கு மாநிலத்தின் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் தனி. 2023-24இல் இந்த இரண்டிலும் சேர்த்து 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சாயங்காலம் எந்தக் கடை முன்னால் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடியை நியாயப்படுத்த வரவில்லை; அந்தப் பணம் எந்த வீட்டு அடுப்பிலிருந்து போகிறது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அந்த வீட்டைப் பார்த்து "நீ வரி கட்டாதவள்" என்று சொல்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

சரி, இந்த வரி திரும்பி வருகிறதா? அந்த 45 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். பாதி ஒன்றிய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. மாநிலத்துக்கு வருவது சுமார் இருபத்திரண்டரை ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர வேண்டும் என்பது மாநில நிதி ஆணையத்தின் வழி வந்த ஏற்பாடு. ஆக, இரண்டேகால் ரூபாய். ஒன்றிய அரசின் பங்கிலிருந்தும் நிதிக்குழு மானியமாகக் கொஞ்சம் வருகிறது. ஆனால் உங்கள் ரீசார்ஜ் வரியிலிருந்து மாநிலம் நேராக நகரத்துக்கும் கிராமத்துக்கும் தருவது இவ்வளவுதான். அதிலும் மின்கட்டணம், கூட்டுக்குடிநீர்க் கட்டணம் என்று பிடித்தம் உண்டு. 74ஆவது திருத்தம் வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. பன்னிரண்டாம் அட்டவணையில் குடிசைப் பகுதி மேம்பாடு இருக்கிறது, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. வேலை எல்லாம் உள்ளாட்சிக்கு, பணம் வேறிடத்தில்.

இந்த இடத்தில் சிலர் ஒரு யோசனை சொல்வார்கள்: அமெரிக்காவில் நகரங்களே விற்பனை வரி போட்டுப் பூங்கா கட்டுகின்றன, நம் மாநகராட்சிக்கும் அப்படி ஓர் உரிமை தந்தால் என்ன? நல்ல கேள்வி. அதற்கு ஒக்லஹோமா சிட்டி என்ற நகரத்தைப் பார்க்கலாம். 1993இல் அங்கே மக்களிடம் வாக்குக் கேட்டு, டாலருக்கு ஒரு சென்ட் கூடுதல் விற்பனை வரி போட்டார்கள். எதற்குச் செலவழிப்போம் என்ற பட்டியலை முன்கூட்டியே சொன்னார்கள். காலக்கெடு வைத்தார்கள். 2019 டிசம்பரில் நான்காவது சுற்றுக்கு வாக்கெடுப்பு நடந்தது: எட்டு வருஷம், 16 திட்டங்கள், சுமார் 97.8 கோடி டாலர். அதில் பூங்காக்களுக்கு 14 கோடி, வீடில்லாதவர்களுக்கான வீட்டுவசதிக்கு 5 கோடி.

அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: கிளாரா லூப்பர் பெயரில் ஒரு குடிமை உரிமை மையம். இவர் கறுப்பின ஆசிரியை. 1958 ஆகஸ்டில் அதே நகரத்தில் கேட்ஸ் என்ற மருந்துக் கடையின் உணவு மேசையில் தன் மாணவப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அதுவரை கறுப்பின மக்கள் அங்கே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே போகலாம், உட்கார்ந்து சாப்பிட முடியாது. நம் டீக்கடைகளில் தனி டம்ளரோடு திண்ணைக்கு வெளியே நின்று குடித்த தாத்தாக்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: உட்கார விடாத கடைக்காரர் நம்மிடம் காசை மறுக்கவில்லை. அவர் கல்லாவில் விழுந்த நம் காசிலிருந்துதான் அரசாங்கத்துக்கு வரி போனது. தீட்டு நாற்காலிக்கு உண்டு, வரிக்குக் கிடையாது.

அப்படியானால் ஒக்லஹோமா மாதிரி நமக்கும் வேண்டுமா? அவர்களிடம் கற்க வேண்டியது பட்டியலும் வாக்கும் காலக்கெடுவும். கற்கக் கூடாதது, வரி விழும் இடம். அங்கே மாநிலம் மளிகைப் பொருளுக்கான தன் விற்பனை வரியை 2024இல் நீக்கியது. நகரத்தின் வரி தொடர்கிறது. ஏழையின் மாவும் ரொட்டியும் பூங்காவுக்குக் காசு தருகின்றன.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மானூர்ப் பக்கத்துச் சனமும் நாங்குநேரிப் பக்கத்துச் சனமும் கல்யாணத் துணி எடுக்க எங்கே வருகிறார்கள்? திருநெல்வேலி டவுனுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும். கடை இருக்கும் உள்ளாட்சிக்கே வரி என்று வைத்தால், காலனிக்காரர் பை நிறையத் துணியோடு பஸ் ஏறிப் போவார். அவர் கட்டிய வரி நகரத்தில் தங்கி, அங்கே நடைபாதையாகவும் நீரூற்றாகவும் முளைக்கும். கடையே இல்லாத ஊருக்கு வரியும் இல்லை, பூங்காவும் இல்லை. ஆகவே தனி உள்ளூர் விற்பனை வரி நமக்குத் தீர்வாகாது. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் விற்பனை வரியில் நம் பங்கைக் கணக்கோடு கேட்பதுதான் நம் வேலை.

வீட்டுக்கு வருவோம். மாநில அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம், வேண்டும். ஆனால் சிமெண்ட் மூட்டைக்கு வருவோம். நம் பக்கத்துத் தாழையூத்தில் 1940களின் இறுதியிலிருந்து சிமெண்ட் ஆலை ஓடுகிறது. 2025 செப்டம்பர் வரை சிமெண்டுக்கு 28 சதவீதம் வரி. வரியில்லா விலை 300 ரூபாய் என்று வைத்தால் மூட்டைக்கு 84 ரூபாய் வரி. இப்போது 18 சதவீதம், 54 ரூபாய். நூற்றைம்பது மூட்டை என்று வைத்துக்கொண்டால் முன்பு 12,600, இப்போது 8,100. கம்பிக்கு 18 சதவீதம் தனி. அரசாங்கம் வலது கையால் தந்ததில் ஒரு பகுதியை இடது கையால் வாங்கிக்கொள்கிறது. அப்புறம் நம்மைப் பார்த்து "இலவச வீடு" என்கிறார்கள்.

வீடு என்றதும் மாஞ்சோலையைச் சொல்லாமல் இந்த ஊரில் யாரும் பேச முடியாது. 1999 ஜூலை 23. நான் அப்போது கல்லூரி மாணவி. கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த 652 தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. அந்தத் தோட்டம் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் கம்பெனியின் லயன் வீட்டில் வாழ்ந்தார்கள். 2024இல் விருப்ப ஓய்வு என்று சொல்லி அவர்களை மலையிலிருந்து இறங்கச் சொன்னார்கள். அவர்கள் பெயரில் ஒரு வீட்டு வரி ரசீதும் கிடையாது. ஆனால் அத்தனை வருஷமும் கடையில் வாங்கிய பொருள்களில் பலவற்றுக்கும் வரி கட்டியிருக்கிறார்கள். வீடு கேட்டு அவர்கள் நிற்கும்போது அது சலுகை கேட்பது போலத் தெரிகிறதே, ஏன்? ரசீதை வைத்து மட்டும் குடிமக்களை எண்ணப் பழகிவிட்டோம், அதனால்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பொதுப் பணத்தில் கட்டியது பொதுவுக்கு உரியது என்ற வாதத்தை நமக்குத் தந்தவர்கள் நம் முன்னோர்கள். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொது நிதியில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளும் இடங்களும் தீண்டப்படாதாருக்கும் திறக்கப்பட வேண்டும் என்றது. 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுத் தெருவுக்கும் பொதுக் கிணற்றுக்கும் அதே உரிமையைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வைத்தார். 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் கைகுவித்துக் குடித்தது நகராட்சிக் குளத்துத் தண்ணீர். எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்குப் போய், அது தங்களுக்கே உரிய குளம் என்று வாதாடியது. பத்து வருஷம் வழக்கு நடந்தது. விலக்கி வைக்கும் வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று 1937இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வாதம் அரசமைப்பில் 15(2)ஆம் பிரிவாக வந்து உட்கார்ந்தது: கடைகள், உணவகங்கள், முழுவதுமோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடங்கள். பூங்கா அந்தக் கடைசிச் சொல்லுக்குள் வருகிறது.

ஆனால் அது நுழையும் உரிமை. கட்டி முடித்த குளத்தில் இறங்கும் உரிமை. எங்கே கட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமையை நாம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் சேர்ந்து மாநகராட்சி ஆனது. 2017இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. ஒரு நகரத்துக்கு ஒன்றிய அரசு 500 கோடி வரை, மாநிலப் பங்கு அதே அளவு என்பது திட்டத்தின் அமைப்பு. அந்தப் பணத்தைக் கையாளத் தனிக் கம்பெனி. பூங்காக்கள் வந்தன, பேருந்து நிலையம் புதிதானது, நானும் பேரப்பிள்ளைகளோடு வந்த பெரியவர்களை அங்கே பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் இந்தத் தெருவுக்கு வேண்டும், அந்தக் காலனிக்கு வேண்டும் என்று கையைத் தூக்க நமக்கு எந்தக் கூட்டத்தில் நாற்காலி போட்டார்கள்? மேலத்தெருவில் கட்டிய பூங்காவில் நம் பிள்ளை ஊஞ்சலாடச் சட்டத்தில் தடையில்லை. பிள்ளை போவதில்லை. ஏன் போவதில்லை என்று இந்த அரங்கில் இருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தீர்மானிக்கும் இடத்துக்கு நாம் போனால் என்ன நடக்கும் என்பதும் இந்த மண்ணில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தனித்தொகுதியில் தலித் தலைவர் வந்தால், துணைத் தலைவர் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதைப் பாருங்கள். சாவி எங்கே இருக்கிறது என்று தெரியும். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் நக்கலமுத்தன்பட்டியில் ஊராட்சித் தலைவர் ஜக்கையன், பெயருக்குத் தலைவராக இருக்க மறுத்தவர், 2006 நவம்பரில் கொல்லப்பட்டார். தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். இருவரும் அருந்ததியர். கோயில் நுழைவுக்கு அடி விழுந்த காலம் உண்டு. கணக்கு நோட்டில் நுழைந்ததற்கு வெட்டு விழுந்தது நம் காலத்தில்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, கணக்குக் கேட்பது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். நாம் என்ன கேட்க வேண்டும் என்று மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வரி கட்டுகிறவர் என்ற சொல்லை மீட்க வேண்டும். எந்த அலுவலகத்திலும் விளக்குக்கும் தண்ணீருக்கும் வீட்டு வரி ரசீதை நிபந்தனையாகக் கேட்டால், "விற்பனை வரி கட்டுகிறேன்" என்று மனுவிலேயே எழுதுங்கள். பட்டாவுக்கான போராட்டம் தனியாக நடக்கட்டும். அது முடியும்வரை விளக்கு காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அந்தப் பத்து சதவீதத்தை உயர்த்தக் கேட்க வேண்டும். உயர்த்தினால் பங்கிடுவது கடைகளின் எண்ணிக்கையை வைத்து இருக்கக் கூடாது, குறையின் அளவை வைத்து இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்கிச் செலவிட வேண்டும் என்பதற்காக 2024இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. பல வருஷம் தலித் அமைப்புகள் கேட்டு வாங்கியது. அந்த நியாயம் கோட்டையோடு நிற்காமல், ஒவ்வொரு ஊராட்சியும் மாநகராட்சியும் போடும் சாலை, பூங்கா, கழிப்பறை, சுடுகாட்டுப் பாதை வரைக்கும் இறங்க வேண்டும்.

மூன்றாவது, ஒக்லஹோமாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய அந்தப் பட்டியல். இந்த வருஷம் என்னென்ன வேலை, எந்தத் தெருவில், எவ்வளவு, எப்போது முடியும் என்று வேலை தொடங்குவதற்கு முன்னால் காலனி வாரியாக எழுதிக் கிராம சபையிலும் நகரத்தின் பகுதி சபையிலும் வைக்க வேண்டும். முடிந்த பிறகு வைக்கும் பட்டியல் நமக்கு வேண்டாம்.

இன்று டிசம்பர் 6. இன்னும் ஐம்பத்தொரு நாளில் ஜனவரி 26. அன்று ஒவ்வோர் ஊரிலும் கிராம சபை கூடும். அரசமைப்பு நடைமுறைக்கு வந்த நாள் அது. இங்கே இருக்கும் மாணவர்கள் ஆளுக்கொரு காலனியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டில் ஒரு மாதத்துக் கடைப் பில்லை வாங்கி, அதில் வரி எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். கீழே ஒரே ஒரு கேள்வி: எங்கள் காலனிக்கு இந்த வருஷம் வந்தது எவ்வளவு? அதைத் தீர்மானமாகக் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும்வரை எழுந்து வராதீர்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள்.

என் சித்தி இப்போது இல்லை. அந்தப் புறம்போக்கில் இன்றைக்கும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். விளக்கு மட்டும் இரண்டு வருஷம் கழித்து வந்தது. வரும் ஜனவரியில் எங்கள் தெருப் பில்களை நான் கொண்டு போகிறேன். உங்கள் தெருவினுடையதை நீங்கள் கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.